கட்ச் மேட்டில் திமிங்கிலத்தின் காது

புஜ் நகரிலிருந்து மேற்கே லக்பத் செல்லும் சாலை சுமார் 135 கி.மீ. நக்கத்ராணா வரை ஆமணக்கும் பருத்தியும் கண்ணில் படும். அதன் பிறகு சீமைக் கருவேலம்தான். கட்ச் மக்கள் அதை 'காண்டோ பாவள்' என்கிறார்கள். பைத்தியக்காரக் கருவேலம் என்று பொருள். தமிழ்நாட்டுக் கண்மாய்களில் அந்த முள்மரம் செய்திருக்கும் வேலையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் நியாயம் உடனே புரியும். வழியில் மாதா நோ மத் என்ற ஊரில் ஆஷாபுரா அம்மன் கோயில். நவராத்திரி வந்தால் குஜராத்தின் பல பக்கங்களிலிருந்தும் பக்தர்கள் நடந்தே வந்து சேரும் தலம். அங்கே கும்பிட்டுத் திரும்பாதவர்கள் நேரே லக்பத் கோட்டைக்குப் போகிறார்கள். ஒரு காலத்தில் செழித்த துறைமுகம் அது. 1819ஆம் ஆண்டு பூகம்பத்தில் நிலம் மேடாகி, தண்ணீர் திசை மாற, வணிகர்கள் மூட்டை கட்டினார்கள். மதிலும் சில வீடுகளும் மிஞ்சின.

கடல் கைவிட்ட ஊர் என்று லக்பத்தைச் சொல்வது வழக்கம். கடல் கைவிட்ட இடங்களில் அது மிகவும் இளையது. சாலையை விட்டு இறங்கினால் ஹரூடி, பாபியா குன்று, ரதோ நாலா என்று பழைய கடல் ஒன்று படுக்கை விரித்துக் கிடக்கிறது. இந்தக் கடல் வற்றி நான்கு கோடி ஆண்டுகள் ஆகின்றன.

முதல் பார்வைக்கு அங்கே ஒன்றுமே இல்லை. பச்சையும் சாம்பலும் கலந்த களிமண். வெயிலில் உடைந்த கண்ணாடிபோல் மின்னும் ஜிப்சம். மேலே மஞ்சள் தட்டிய சுண்ணாம்புப் பாறை. ஆட்டு மந்தை போன தடம். குனிந்து பார்க்கிறவருக்குத்தான் விஷயம் பிடிபடும். காலடியில் நொறுங்குவது பல இடங்களில் மண்ணே அல்ல. நம்முலைட் எனப்படும் ஒற்றைச் செல் கடலுயிர்களின் ஓடுகள். பழைய காலணா அரையணா போலத் தட்டையாக, வட்டமாக, குவியல் குவியலாக. லத்தீன் மொழியில் அந்தப் பெயருக்கே சிறு நாணயம் என்றுதான் அர்த்தம். எகிப்தியர் பிரமிடு கட்டிய சுண்ணாம்புக் கல்லிலும் இவைதான் நிறைந்திருக்கின்றன. வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடலில் வாழ்ந்தவை. கூடவே சிப்பி, சுறாப் பல், முதலையின் முதுகெலும்பு. இவற்றுக்கு நடுவே எப்போதாவது ஒரு முறை திமிங்கிலம்.

திமிங்கிலம் என்றதும் மனம் ஒரு பிரம்மாண்டத்தைக் கற்பனை செய்துகொள்கிறது. வடமொழி வழியாக வந்த அந்தச் சொல்லே அப்படிப்பட்டது: 'திமி' என்ற பெருமீனையும் விழுங்கக் கூடியது என்று பொருள். ஹரூடியின் திமிங்கிலங்கள் அந்தப் பெயருக்கு நியாயம் செய்பவை அல்ல. அவற்றுக்கு நான்கு கால்கள் இருந்தன. நீண்டு குறுகிய மூக்கு, சின்னக் கண்கள். ஏறத்தாழ 4.2 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், கழிமுகங்களிலும் கரையோரக் கலங்கல் நீரிலும் முதலையைப் போலப் பதுங்கி இரை தேடியவை. இந்த மாவட்டத்தின் பெயரையே சூட்டிக்கொண்ட குட்சிசீட்டஸ் அவற்றில் மிகச் சிறியது. நீண்ட வாலோடு பார்வைக்கு நீர்நாய் மாதிரி இருந்திருக்கும்.

இங்கே கல் பொறுக்கும் பழக்கம் புதிதல்ல. தொடங்கி வைத்தவர்கள் தொழில்முறை விஞ்ஞானிகளும் அல்ல. 1830களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரிகள் ஓய்வு நேரத்தில் கட்ச் முழுக்கச் சிப்பியும் அம்மோனைட்டும் சேகரித்தார்கள். பம்பாய் என்ஜினியர்ஸ் படையைச் சேர்ந்த கேப்டன் சி.டபிள்யூ. கிராண்ட் அவர்களில் முக்கியமானவர். அவர் வரைந்த கட்ச் நிலவியல் வரைபடமும் குறிப்புகளும் 1840இல் லண்டனில் அச்சாயின. அவர் அனுப்பிய படிவங்களுக்கு சவர்பி என்ற நிபுணர் பெயர் சூட்டினார். 1872இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக ஏ.பி. வின் ஒரு பெரிய நூலே எழுதினார். இவ்வளவு பேர் நடந்தும் திமிங்கிலம் மட்டும் வெளியே வரவில்லை. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1972இல்தான், லக்னோவைச் சேர்ந்த அசோக் சாஹ்னியும் விஜய் பிரகாஷ் மிஸ்ராவும் கட்ச் பாறையில் கிடைத்தது திமிங்கிலம் என்று உலகுக்கு அறிவித்தார்கள். 1975இல் இன்னும் விரிவான நூல் வந்தது.

அதிலும் முதல் அடையாளம் நிலைக்கவில்லை. எகிப்தில் ஏற்கனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்த புரோட்டோசீட்டஸ் என்ற பேரினத்தோடு அதைச் சேர்த்திருந்தார்கள். அன்றைக்கு ஒப்பிட வேறு என்ன இருந்தது? மேலும் மண்டையோடுகள் கிடைத்த பிறகு இது வேறு ஜாதி என்று தெரிந்தது. 1986இல் கிஷோர் குமாரும் சாஹ்னியும் புதிய குடும்பம் ஒன்றையே உருவாக்கினார்கள். ரெமிங்டனோசீட்டஸ் ஹரூடியென்சிஸ் என்ற பெயரில் முன்பாதி ரெமிங்டன் கெல்லாக் என்ற அமெரிக்கத் திமிங்கில நிபுணருக்கு, பின்பாதி இந்தச் சிற்றூருக்கு. பாபியா குன்றுக்கும் ஒரு மரியாதை கிடைத்தது: அங்கே கிடைத்த இன்னொரு திமிங்கிலத்துக்கு 1984இல் பாபியாசீட்டஸ் என்று பெயரிட்டார்கள். வாக்காளர் பட்டியலுக்கு வெளியே யாரும் அறியாத ஊர்கள் லண்டன், நியூயார்க் அருங்காட்சியகப் பட்டியல்களில் ஏறியது இப்படித்தான்.

எலும்பை எடுத்தவுடன் இன்னது என்று சொல்ல ஏன் முடிவதில்லை? முதலில் அது எலும்புதானா என்பதே கேள்வி. கட்ச் வெயிலில் எல்லாக் கல்லும் எலும்பு மாதிரி இருக்கும். வயல்வெளி ஆய்வாளர்களிடம் ஒரு பழைய கைவைத்தியம் உண்டு. உடைந்த பக்கத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். நுண்துளைகள் நிறைந்த எலும்பானால் நாக்கில் ஒட்டும். கல் ஒட்டாது. சுத்தம் பார்ப்பவர்கள் பூதக்கண்ணாடியை வைத்துத் துளைகளைத் தேடலாம்.

எலும்பு என்று தெரிந்த பிறகுதான் நிஜமான சிக்கல். இங்கே ஆரம்பநிலைச் சேகரிப்பாளர்கள் திமிங்கிலம் என்று நினைத்துக் கொண்டாடக் கூடியவற்றில் கடற்பசுவின் விலா எலும்பு முக்கியமானது. பாக் நீரிணை மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கிறார்களே, அதன் மூதாதைகள். கடலடிப் புல்லை மேய்வதற்குக் கீழே அமிழ்ந்து நிற்க வேண்டும் என்பதால் அவற்றின் விலா எலும்புகள் உள்ளே மஜ்ஜைக் குழியே இல்லாமல் கெட்டியாக, கனமாக இருக்கும். வாழைப்பழம் போல் வளைந்த அந்தத் துண்டுகள் எளிதில் அழிவதில்லை. எனவே நிறையக் கிடைக்கும். அடுத்தது முதுகெலும்பு. பாலூட்டியின் முதுகெலும்புக் கணுவில் இரு முனைகளும் ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். பெரும்பாலான முதலைகளிலும் பாம்புகளிலும் ஒரு முனை குழிந்தும் மறுமுனை குவிந்தும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துவதுபோல் இருக்கும். இதை விரலால் தடவியே சொல்லிவிடலாம், முனை உடையாமல் இருந்தால். பெரும்பாலும் உடைந்துதான் இருக்கும்.

பெரிய ஆட்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள். 1832இல் அமெரிக்காவின் லூசியானாவில் ஒரு குன்றுச் சரிவு இடிந்து ராட்சத முதுகெலும்புகள் வெளியே வந்தன. ஹென்றி பிரை என்ற நீதிபதி சிலவற்றை பிலடெல்பியாவுக்கு அனுப்பிவைத்தார். அதைப் பரிசோதித்த ரிச்சர்ட் ஹார்லன், இது ஏதோ கடல் ஊர்வன என்று முடிவுகட்டி, பல்லிகளின் ராஜா என்று பொருள்பட பாசிலோசாரஸ் என்று 1834இல் பெயர் சூட்டினார். ஐந்து வருடம் கழித்து ஹார்லன் அதன் பற்களை லண்டனுக்கு எடுத்துப்போய் ரிச்சர்ட் ஓவனிடம் காட்டினார். ஒரு பல்லுக்கு இரண்டு வேர் இருந்தது. ஊர்வனவற்றுக்கு அப்படி இருக்காது. ஓவன் அது பாலூட்டி, திமிங்கில வகை என்றார். ஆனால் முதலில் வைத்த பெயரே செல்லும் என்பது உயிரியலின் சட்டம். அதனால் அந்தத் திமிங்கிலம் இன்றுவரை பல்லி ராஜாவாகவே இருந்துகொண்டிருக்கிறது.

பல்லைவிட உறுதியான சாட்சி ஒன்று உண்டு: காது. திமிங்கிலத்தின் நடுக்காதை மூடியிருக்கும் கிண்ணம் போன்ற எலும்பில் உட்பக்க விளிம்பு மட்டும் தடித்துப் பருத்து, சிப்பியின் உதடுபோல் இருக்கும். இன்வோலுக்ரம் என்று அதற்குப் பெயர். மிகக் கடினமான எலும்பு. மற்ற எலும்பெல்லாம் தூளாகிப் போனாலும் இது மிஞ்சும். கையில் ஒரு பாக்கு அளவுத் துண்டு இருந்தாலும் இந்தத் தடித்த உதடு தெரிந்தால் திமிங்கிலம் என்று சொல்லிவிடலாம் என்பதுதான் நெடுங்காலமாக நிபுணர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைப் புரட்டிப்போட்ட கல் கட்சிலிருந்து வரவில்லை. வடக்கே, ஜம்மு மலையிலிருந்து வந்தது. திமிங்கிலம் எதிலிருந்து வந்தது என்று கேட்பவர்கள் கட்சிலிருந்து அங்கேதான் போக வேண்டும்.

ரஜௌரி மாவட்டத்தில் காலாகோட் நிலக்கரிக்குப் பெயர்போன ஊர். ஓஎன்ஜிசியில் நிலவியலாளராக இருந்த ஏ. ரங்கா ராவ் அந்த மலைச்சரிவில் எலும்புகள் நெருக்கமாக அடைந்த ஒரு பாறை அடுக்கைக் கண்டார். கட்ச் திமிங்கிலங்களுக்கும் முந்தியது, சுமார் 4.8 கோடி ஆண்டுப் பழமை. சில பற்களையும் தாடை எலும்புகளையும் வைத்து 1971இல் ஒரு விலங்குக்கு இந்தோஹியஸ் என்று பெயர் வைத்தார். இந்தியப் பன்றி என்று பொருள். குளம்புள்ள, சிறிய, ஆர்வம் எழுப்பாத ஒரு பிராணி. பெயர் பட்டியலில் சேர்ந்ததோடு கதை முடிந்ததுபோல் தெரிந்தது.

மிச்சப் பாறைகளை ராவ் உடைக்கவில்லை. அவை டேராடூனுக்கு வந்தன. அவர் காலமானார். அவருடைய மனைவியும் இத்துறை அறிந்தவர். கல்லைக் குப்பை என்று நினைத்து வெளியே தள்ளாமல் பத்திரமாக வைத்திருந்தார். எத்தனை வீடுகளில் தாத்தாவின் ஓலைச்சுவடி ஆடிப்பெருக்கோடு ஆற்றில் போயிற்று என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் கதையின் நாயகி யார் என்பதில் சந்தேகம் வராது. பிறகு அந்தக் கற்களில் சில, அமெரிக்காவின் ஒஹையோவில் இருந்த ஹான்ஸ் தேவிசனின் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. நடக்கும் திமிங்கிலங்களைப் பாகிஸ்தானிலும் கட்சிலும் பல ஆண்டு தேடியவர் அவர்.

கல்லிலிருந்து எலும்பைப் பிரிப்பது பொறுமையின் உச்சம். ஊசி, சிற்றுளி, அமிலம் என்று மாதக்கணக்கில் போகும். அப்படி ஒரு மண்டையோட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த உதவியாளரின் கையில் காது எலும்பு தவறுதலாக உடைந்தது. உடைந்த இடத்தில் ஒரு பக்கச் சுவர் மெலிதாகவும் இன்னொரு பக்கம் தடித்தும் இருந்தது. திமிங்கிலத்துக்கு மட்டுமே உரியது என்று பாடப்புத்தகங்கள் சொன்ன அதே உதடு, ஒரு 'பன்றி'யின் காதில்.

2007 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் இந்தச் செய்தி வெளியானது. தேவிசனோடு ரூர்க்கி ஐஐடியின் சுனில் பாஜ்பாய், டேராடூன் வாடியா நிறுவனத்தின் பி.என். திவாரி ஆகியோரும் ஆசிரியர்கள். காது மட்டும் சாட்சி சொல்லவில்லை. இந்தோஹியஸின் கால் எலும்புகளின் சுவர் நீர்யானையுடையதுபோல் தடிமனாக இருந்தது. நீரில் மிதந்துவிடாமல் அடியில் நடப்பதற்கு உதவும் பாரம் அது. பல்லில் இருந்த ஆக்சிஜன் ஐசோடோப்புகளும் அது நீரில் அதிக நேரம் கழித்தது என்றன. பூனையளவு உடம்பு, மெல்லிய கால்கள். ஆப்பிரிக்காவில் இன்றும் ஒரு வகைச் சருகுமான் ஆபத்து வந்தால் தண்ணீருக்குள் குதித்து மூழ்கிக்கொள்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நாம் காணும் சருகுமானுக்கு அது உறவு. இந்தோஹியஸும் அப்படித்தான் தண்ணீரில் இறங்கியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அதுவே திமிங்கிலமாக மாறியது என்று பொருளல்ல. திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய பங்காளி. இன்று உயிரோடு இருக்கும் விலங்குகளில் திமிங்கிலத்துக்கு நெருங்கிய சொந்தம் நீர்யானை என்று மரபணு ஆராய்ச்சியும் சொல்கிறது.

ராவ் பெயர் சூட்டிய 1971க்கும் காது உடைந்த கதை அச்சேறிய 2007க்கும் இடையே 36 ஆண்டுகள். அந்த இடைவெளியில் கற்கள் பிழைத்திருந்தது ஒரு குடும்பத்தின் பிடிவாதத்தால். எந்த அரசு ஏற்பாட்டாலும் அல்ல. இந்தியாவில் புதைபடிவங்களின் கதி பெரும்பாலும் இதுதான். டெல்லியில் மண்டி ஹவுஸ் அருகே இருந்த தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரலில் ஓர் இரவில் தீக்கிரையானது. புவிப் பாரம்பரியச் சின்னங்களைக் காக்க மத்திய சுரங்க அமைச்சகம் ஒரு மசோதாவின் வரைவை 2022 டிசம்பரில் வெளியிட்டது. தேவையான முயற்சி. ஆனால் தோண்டவும் வைத்துக்கொள்ளவும் உள்ள அதிகாரத்தையெல்லாம் நிலவியல் ஆய்வுத் துறையிடமே குவிக்கிறது என்று பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் பயம் நியாயமானதே. கிராண்ட் முதல் ரங்கா ராவ் வரை, வேறு வேலைக்கு நடுவே கல் பொறுக்கியவர்கள் இல்லாவிட்டால் இந்தத் துறையில் பாதி அத்தியாயங்கள் கிடையாது. அவர்களைக் குற்றவாளி ஆக்கும் சட்டம் எலும்பைக் காப்பாற்றாது. எடுத்தவர் வெளியே சொல்லாமல் மறைக்கத்தான் வைக்கும்.

அதற்காக எடுத்தவர் அலமாரியில் வைத்துக்கொண்டால் போதும் என்பதும் இல்லை. எலும்பைவிட அது கிடந்த இடம் முக்கியம். எந்த ஓடை, எந்த அடுக்கு, மேலே சுண்ணாம்புக் கல்லா கீழே களிமண்ணா, அருகே வேறென்ன கிடந்தது. இந்த நான்கு வரிக் குறிப்பு இல்லாத எலும்பு வயது தெரியாத எலும்பு. அழகுக்கு வைக்கலாம், அவ்வளவே. முதலில் படம் எடுப்பது, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை அளவுக்கு வைப்பது, பெரிய எலும்பானால் தோண்டாமல் விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குச் சொல்வது ஆகியவை செலவில்லாத காரியங்கள்.

கட்சில் இன்னொரு தரப்பும் இருக்கிறது: சுரங்கம். பானந்த்ரோ பகுதியில் பல பத்தாண்டுகளாக லிக்னைட் வெட்டி எடுத்திருக்கிறார்கள். சுண்ணாம்புக் கல்லுக்கும் மாவட்டத்தில் கிராக்கி. இயந்திரம் புதைபடிவத்தை அரைத்துத் தள்ளுகிறது என்பது உண்மை. அந்த இயந்திரம் வெட்டாவிட்டால் பல படிவங்கள் வெளிச்சத்துக்கே வந்திருக்காது என்பதும் உண்மை. 2005இல் பானந்த்ரோ சுரங்கத்தில் பாஜ்பாய் குழு 27 முதுகெலும்புகளைக் கண்டெடுத்தது. பெரிய முதலை என்று நினைத்து ஆய்வுக்கூடத்தில் ஒதுக்கி வைத்தார்கள். பல ஆண்டு கழித்து ஒட்டியிருந்த மண்ணை நிதானமாக நீக்கிப் பார்த்தபோதுதான் அது பாம்பு என்று தெரிந்தது. 11 முதல் 15 மீட்டர் வரை நீளம் இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டு, வாசுகி இண்டிகஸ் என்று 2024 ஏப்ரலில் தேபஜித் தத்தாவும் பாஜ்பாயும் அறிவித்தார்கள். பாற்கடல் கடைந்த பாம்பின் பெயர், கடல் வற்றிய ஊரின் பாம்புக்கு. செய்தித்தாள்கள் கொண்டாடின. அதே மாவட்டத்தின் நடக்கும் திமிங்கிலங்களுக்கு அந்தக் கொண்டாட்டம் ஒருபோதும் கிடைத்ததில்லை. பாம்புக்கு இருக்கும் மவுசே வேறு.

ஹரூடித் திமிங்கிலங்களின் எலும்புகள் இப்போது ஹரூடியில் இல்லை. பெரும்பகுதி லக்னோ, சண்டிகர், ரூர்க்கி ஆய்வுக்கூடங்களின் இழுப்பறைகளில் எண் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சிக்கு அது சரியான இடம். ஆஷாபுரா கோயிலுக்கும் லக்பத் கோட்டைக்கும் பஸ் பிடித்து வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, தாங்கள் கடந்துவந்த முள்காட்டுக்கு அடியில் என்ன இருந்தது என்று காட்ட ஒரு அச்சு வார்ப்பாவது வழியில் வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆயிரம் கி.மீ.க்கும் மேல் தள்ளி இருக்கும் ரூர்க்கிக்கு அந்தப் பிள்ளைகள் போய்ப் பார்க்கப் போவதில்லை.

இதற்கிடையே ரதோ நாலா தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கட்ச்சிப் பேச்சில் சிவப்பு ஓடை என்று பொருள். ஆண்டில் பெரும்பகுதி மணல்தான். ஜூலை, ஆகஸ்டில் பெய்தால் செந்நீர் கரையை அறுத்து ஓடும். மழை நின்றதும் களிமண் காய்ந்து வெடிக்கும். அப்போதுதான் புதிய எலும்புகள் தலைகாட்டும். ஜிப்சம் விரிசலுக்குள் புகுந்து படிகமாக வளர்ந்து எலும்பைப் பிளக்கும். வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வெளியே வந்த துண்டுக்கு அதிக அவகாசம் கிடையாது. அதற்குள் அந்தப் பக்கம் நடப்பவர் ஆடு மேய்ப்பவராக இருக்கலாம், விடுமுறைக்கு வந்த பள்ளி ஆசிரியராக இருக்கலாம், ஜீப்பில் வந்த நிலவியல் மாணவராகவும் இருக்கலாம்.